பொன்னுத்தங்கத்தின் கையும் பாசி மாத்திரையும்

ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே, கரிசல் காட்டின் நடுவில் இருந்த அந்தப் பட்டாசுத் தொழிற்சாலையில், ஏழாம் எண் அறைக்கென்று ஒரு நற்பெயர் இருந்தது. புஸ்வாணக் கூம்புகளில் வெடிமருந்தை நிரப்பி இறுக்கும் அறை அது. பதினோர் ஆண்டுகளாக அங்கே ஒரு பொறிகூட எழுந்ததில்லை. அதற்கு யார் காரணம் என்று கேட்டால், தொழிலாளர் அனைவரும் பொன்னுத்தங்கத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். அவளுடைய கை அத்தகையது.

நான் எழுதப்போவது, அந்தக் கை நடுங்கத் தொடங்கிய இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டைப் பற்றி. அவள் மகள் பானுப்பிரியா என்னிடம் படித்தவள். நான் நேரில் காணாதவற்றைத் தாயும் மகளும் சொல்லக் கேட்டும், இருவர் கூற்றும் மாறுபட்ட இடங்களில் மறுபடியும் விசாரித்தும் எழுதியிருக்கிறேன்.

பொன்னுத்தங்கத்துக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. அவளுடைய பெற்றோர் பிறர் காட்டில் பருத்தி எடுத்தும் களை பறித்தும் பிழைத்தவர்கள். மழை பொய்த்த ஓர் ஆண்டில் அவள் தீப்பெட்டி ஆலைக்குக் குச்சி அடுக்கச் சென்றாள். அங்கிருந்து பட்டாசுக்கு வந்தாள். கணவன் பெத்தணன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் தாள்கட்டுகளைச் சுமப்பவன்.

நாள்தோறும் காலையில் கொண்டை ஊசியையும் மெட்டியையும் கழற்றி வைத்துவிட்டு, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டை, உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்குவதற்காக, உள்ளங்கையால் தொட்ட பின்னரே அவள் அறைக்குள் நுழைவாள். அறைக்கு நான்கு வாசல். உள்ளே நான்கு பேர். அதற்கு மேல் ஓர் ஆள் இருக்கலாகாது என்பது விதி. மற்ற மூவருள் பேச்சியம்மாள் அறுபதை எட்டியவள். பஞ்சம்மாள் பொன்னுத்தங்கத்தின் வயதினள். யோகலட்சுமி, பெத்தணனின் அக்காள் மகள். ஆறு மாதக் கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருபவள்.

வேலை பார்ப்பதற்கு எளிது. கூம்பைக் கவிழ்த்துப் பிடித்து, ஒரு கரண்டி மருந்து இட்டு, மரக்கட்டையால் மெல்ல இறுக்க வேண்டும். இறுக்கம் குறைந்தால் புஸ்வாணம் சீறாது, மிகுந்தால் வெடிக்கும். கட்டை சாய்ந்து உரசினால் அறையே மிஞ்சாது. அண்டை ஊர்களில் அவ்வாறு போன அறைகளை நால்வருமே பார்த்திருக்கிறார்கள். மறுநாள் நாளிதழில் ‘உராய்வினால்’ என்று ஒரு சொல் வரும். உரசியது எவருடைய கை என்பதை அச்சொல் கூறுவதில்லை.

பொன்னுத்தங்கத்தின் கழுத்தில் ஒரு வீக்கம் உண்டு. மகள் பிறந்த பின்னர் வந்தது, எலுமிச்சம்பழ அளவு. வலியும் இல்லை, விழுங்குவதற்குத் தடையும் இல்லை. பதினெட்டு ஆண்டுகளில் அதை அவள் மறந்தே போயிருந்தாள். அந்த ஆண்டு வைகாசியில் பானுப்பிரியாவுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளையின் அத்தை தாம்பூலம் வாங்கும்போது உரக்கக் கேட்டாள்:

“என்ன மதினி, கழுத்துல கோழிமுட்டைய ஒளிச்சு வச்சிருக்கீக? அடைகாக்கவா?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பொன்னுத்தங்கமும் சிரித்தாள். ஆனால் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டவள், விருந்தினர் போன பின்னரும் அதை எடுக்கவில்லை. திருமணம் தை மாதத்தில். அதற்குள் வீக்கம் கரைந்துவிட வேண்டும் என்ற கவலை அன்றே அவளைப் பற்றிக்கொண்டது.

அக்கவலைக்கு விடை தொழிற்சாலைக்குள்ளேயே கிடைத்ததாக அவள் எண்ணினாள். போர்மேன் நல்லசிவம், வீடு வீடாக உடல்நலப் பொருள்களை விற்கும் ஒரு குழுவில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். கடற்பாசியை உலர்த்தி அரைத்துச் செய்த மாத்திரை டப்பாக்களைச் சோற்று இடைவேளையில் வேப்பமரத்தடியில் அடுக்கி வைத்தார்.

“இது மருந்து கிருந்து இல்ல, தங்கம். சாப்பாடு மாதிரிதான்” என்றார். “கழுத்து வீக்கம் எதனால வருது? அயோடின் கொறஞ்சா வருது. அதுக்குத்தான உப்புல கலந்து விக்கச் சொல்லி கவர்மெண்டே சட்டம் போட்டுருக்கான்? உப்புல கிடக்கது தூசி மாதிரி. பாசியில கிடக்கது மூட மூடையா.”

“எம்புட்டுப் போடணும் அண்ணாச்சி?”

“காலையில ஒண்ணு. அம்புட்டுதான்.”

பேச்சியம்மாள் முழங்காலை நீவிக்கொண்டே, “முட்டுவலிக்கும் கேக்குமா?” என்றாள்.

“கேக்கும்.”

“எங்க வீட்டுக்காரரு வாய்க்கு?”

“அதுக்குக் கடலே பத்தாது ஆத்தா!”

அனைவரும் சிரித்தார்கள். நல்லசிவம் அவர்கள் கண்ணெதிரே ஒரு மாத்திரையைத் தாமும் விழுங்கினார். அவர் ஏமாற்றவில்லை, நம்பினார். மேலும், போர்மேன் நீட்டுவதை வேண்டாமென்று சொல்லும் துணிவு அங்கே எவருக்கு உண்டு? ஏழாம் அறையில் ஆளுக்கொரு டப்பா வாங்கினார்கள்.

நான்கைந்து நாளில் யோகலட்சுமி, “வயித்தப் பொரட்டுது அத்தை, நீங்களே போட்டுக்கோங்க” என்று தன் டப்பாவைப் பொன்னுத்தங்கத்திடம் கொடுத்தாள். வாடை பிடிக்கவில்லை என்று பஞ்சம்மாளும் கொடுத்தாள். சோறு, குழம்பு, வெற்றிலை என எதையும் பகிர்ந்துகொள்ளும் அறை அது. பேச்சியம்மாள் மட்டும் தன்னுடையதைக் கொடுக்கவில்லை.

ஆடி பிறந்தது. பொன்னுத்தங்கத்துக்கு உடம்பு எரிவதுபோல் இருந்தது. காற்று வீசும் மாதத்தில் வாசற்படியில் ஈரத்துணி விரித்துப் படுத்தாள். பெத்தணன் தின்பதைப் போல் இரு மடங்கு தின்றாள். ஆயினும் ரவிக்கை தோளில் தொங்கியது. படுத்தால் நெஞ்சு ஓடிவந்தவளின் நெஞ்சுபோல் அடித்தது. மகள் ஒரு சொல் சொன்னால் எரிந்து விழுந்தாள். பிறகு அதற்காக அழுதாள்.

பட்டாசு வேலை செய்பவர்களுக்கு உடம்புக்கு எது வந்தாலும் காரணம் ஒன்றுதான். இருமலா, பவுடர். பசியின்மையா, பவுடர். நாள் முழுதும் அலுமினியத் தூளும் கந்தகமும் படிந்த மேனி வேறு எதை நினைக்கும்? தூசி வயிற்றில் தங்காமல் இருக்க மாலையில் வாழைப்பழமும் கருப்பட்டியும் தின்பது அவர்களுடைய வழக்கம். பொன்னுத்தங்கமும் தனக்குப் பவுடர் ஏறிவிட்டது என்றே முடிவு செய்தாள். நல்லசிவத்திடம் கேட்டபோது அவர் சொன்னார்:

“பாசிய விட்றாத. ரத்தத்துல சேந்த கசட அதுதான் கழுவும்.”

அவர் அளவைக் கூட்டச் சொல்லவில்லை. அவளாகக் கூட்டினாள். காலையில் ஒன்று என்பது, வேளைக்கு ஒன்றாக மூன்றாயிற்று. நெஞ்சு எத்தனைக்கெத்தனை வேகமாக அடித்ததோ, அத்தனைக்கத்தனை பவுடர் கூடியிருப்பதாக எண்ணிக்கொண்டாள். ஊரில் ஊசி போடும் மருத்துவரிடமும் ஒருமுறை போனாள். அவர் நாடி பார்த்தார்.

“பலகீனம், மனக்கவல. வேற மாத்திர ஏதும் சாப்பிடுறீகளா?”

“இல்லய்யா.”

அது பொய்யன்று. பாசி மாத்திரை ஆகாது, சாப்பாடு என்றுதானே அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது? மருத்துவர் சத்து ஊசி போட்டு அனுப்பினார்.

புரட்டாசியில் சீசன் உச்சத்துக்கு ஏறியது. தீபாவளிக்கு முன் அனுப்ப வேண்டிய லோடுகளுக்காக, ஆள் ஏற்றும் வேன் பொழுது விடியும் முன்னரே ஊருக்குள் வந்தது. அத்தகைய ஒரு காலையில் பெத்தணனுக்குக் காப்பி கொடுத்தபோது, தம்ளர் டவராவில் மோதிக் கிணுகிணுவென்று ஒலித்தது. பெத்தணன் நிமிர்ந்து பார்த்தான். அவள் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

“ஏ தங்கம், என்ன கை ஆடுது?”

“தூக்கமில்ல. வேற ஒண்ணுமில்ல.”

அன்று முதல் வேளைக்கு மூன்றாக, நாளொன்றுக்கு ஒன்பது விழுங்கினாள்.

அறைக்குள் அவளால் மறைக்க முடியவில்லை. கரண்டியிலிருந்து மருந்து விளிம்பில் சிந்தியது. பதினோர் ஆண்டுகளில் சிந்தாதது. யோகலட்சுமி ஈரத்துணியால் துடைத்தாள். மறுநாளும் சிந்தியது. பஞ்சம்மாள், “நீங்க கூம்ப அடுக்குங்க மதினி, ஓங்க பங்கு மருந்தையும் நாங்க செலுத்திர்றோம்” என்றாள். போர்மேனின் காலடி கேட்கும்போது மட்டும் பொன்னுத்தங்கம் கட்டையை எடுத்துப் பிடிப்பாள்; அவர் கடந்து போனதும் வைத்துவிடுவாள். இவ்வாறு ஒன்பது நாள் ஓடியது. சீசன் நடுவில் அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று மூவரும் அஞ்சினார்கள். அவளோ வேறொன்றுக்கு அஞ்சினாள். எதிரே இரண்டடித் தொலைவில் யோகலட்சுமி குனிந்து வேலை செய்வாள். பால் கட்டி அவளுடைய ரவிக்கை நனைந்திருக்கும். அந்த நனைந்த இடத்தைப் பார்த்தவாறே தன் கையைப் பார்ப்பாள் பொன்னுத்தங்கம். பார்க்கப் பார்க்க நடுக்கம் மிகும்.

பத்தாம் நாள், நல்லசிவம் வாசலில் நின்று அடுத்த அறையில் இருந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் போகவில்லை. பொன்னுத்தங்கம் வேறு வழியின்றி ஒரு கூம்பில் மருந்து இட்டுக் கட்டையை இறக்கினாள். கட்டை கையினின்று நழுவியது. கூம்பின் விளிம்பில் பட்டு, மருந்துத் தட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு, ரப்பர் விரிப்பில் உருண்டது.

ஒன்றும் நிகழவில்லை.

நால்வரும் அசையாமல் இருந்தார்கள். வெளியே நல்லசிவம் பேசுவது கேட்டது. யோகலட்சுமியின் உதடு வெளுத்திருந்தது. பேச்சியம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள்.

“எமன் எட்டிப் பாத்துட்டு, இதுகளச் சுமந்தாக் கூலிகூடக் கட்டாதுன்னு போய்ட்டான்டி.”

எவரும் சிரிக்கவில்லை. பொன்னுத்தங்கம் எழுந்தாள். கட்டையை எடுக்கவில்லை. நேரே வாசலுக்குப் போய், போர்மேனின் முன்னால் இரு கைகளையும் நீட்டினாள்.

“அண்ணாச்சி, இதப் பாருங்க.”

நல்லசிவம் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“எத்தன நாளா?”

“ரொம்ப நாளா. இவுக மேல குத்தமில்ல. நாந்தான் ஒளிச்சேன்.”

“ஏத்தா, கொல்லப் பாத்தியே!” என்று கத்தினார். பிறகு குரல் தணிந்து, “போ. வேன்ல போகாத, நான் வண்டியில எறக்கி விடுறேன். நாளைக்கே விருதுநகர் போயி நல்ல டாக்டராப் பாரு” என்றார்.

மறுநாள் பெத்தணன் வேலைக்குப் போகாமல் அவளை விருதுநகருக்கு அழைத்துச் சென்றான். ஐம்பது வயதுள்ள பெண் மருத்துவர் ஒருவர். கழுத்தைத் தடவினார்; கண்களைப் பார்த்தார்; நாடியைப் பிடித்தவாறு நெடுநேரம் கடிகாரத்தை நோக்கினார். பிறகு கைகளை நீட்டச் சொல்லி, விரித்த விரல்களின் மேல் ஒரு வெற்றுத்தாளை வைத்தார். ஓடும் அச்சு இயந்திரத்தின் மேல் வைத்ததுபோல் அந்தத் தாள் அதிர்ந்தது. பெத்தணன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

இரத்தம் எடுத்தார்கள், முடிவு மாலையில் வரும் என்றார்கள். உச்சிப்பொழுதில் பொன்னுத்தங்கம் வெளிப் பெஞ்சில் அமர்ந்து, தூக்குவாளியைத் திறந்து உண்டாள். உண்டு முடித்ததும் முந்தானை முடிச்சிலிருந்து டப்பாவை எடுத்து மூன்று மாத்திரைகளை வாயிலிட்டாள். அவ்வழியே வந்த செவிலி நின்றாள்.

“என்ன மாத்திரம்மா அது? டாக்டரம்மாட்டச் சொன்னீகளா?”

“மாத்திர இல்ல தாயி. பாசி. சாப்பாடு.”

செவிலி டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் இருவரையும் அழைத்தார்கள். மருத்துவர் டப்பாவின் நான்கு பக்கங்களையும் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடுறீங்க?”

“மொதல்ல ஒண்ணுதாம்மா. பொறகு மூணு. கை நடுங்க ஆரம்பிச்சதும் ஒம்பது.”

“ஒம்பதா!” அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “கை நடுங்குச்சுன்னு ஒம்பது சாப்பிட்டீங்க. கை நடுங்கினதே இதனாலதாம்மா.”

பொன்னுத்தங்கத்துக்கு விளங்கவில்லை. மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் ஒரு குண்டூசியின் தலையளவு கூட இல்லை. அது குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டுதான் உடம்பை ஓட்டும் சுரப்பு நீரைச் செய்கிறது. பலருடைய சுரப்பி, அயோடின் மிகுந்தால் தானாகவே வேலையை நிறுத்திக்கொள்ளும். நெடுநாள் கட்டி உள்ள சுரப்பிக்கு அந்தக் கட்டுப்பாடு தெரியாது. கொடுக்கக் கொடுக்கச் சுரந்துகொண்டே இருக்கும்.

“அந்தக் கட்டி இத்தனை வருசமா தூங்கிக்கிட்டு இருந்துச்சு. நீங்க எழுப்பி, தீனி போட்டுட்டீங்க. வேர்வை, எரிச்சல், இளைப்பு, நடுக்கம் எல்லாம் அதோட வேலை. நெஞ்சு இப்படியே ஓடினா ஒரு நாள் தாளம் தப்பும். இதுல எவ்வளவு அயோடின் இருக்குன்னு இவங்க டப்பாவுல எழுதக்கூட இல்ல.”

“கம்பெனிப் பவுடரு இல்லையாம்மா?” என்று பெத்தணன் கேட்டான்.

“பவுடர் நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இது அது இல்ல.”

பொன்னுத்தங்கம் முதலில் கேட்டது தன்னைப் பற்றியன்று. “கைப்பிள்ளக்காரி ஒருத்தியும் தின்னாம்மா. நாலஞ்சு நாளு.”

“இப்ப விட்டாச்சுல்ல? பயப்படாதீங்க. ஆனா பால் குடுக்குறவங்க இதைத் தொடவே கூடாது. தாய்க்குப் போறது பால் வழியா பிள்ளைக்கும் போகும்.”

“எங் கழுத்து கரையாதா?”

“இதுல கரையாது.”

“எங் கை?”

“மாசக் கணக்காகும். உடம்புல சேந்த அயோடின் மெதுவாத்தான் வெளியேறும்” என்றார். மாலையில் வந்த இரத்த முடிவு அவர் சொன்னதையே உறுதி செய்தது. சுரப்பியை அடக்குவதற்கு ஒரு மாத்திரையும், நெஞ்சின் ஓட்டத்தையும் நடுக்கத்தையும் தணிப்பதற்கு ஒரு சிறு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

செய்தி ஊருக்குள் அரைகுறையாகப் பரவியது. அயோடின் நஞ்சு என்று சொல்லி, நான்கு வீடுகளில் உப்புப் பொட்டலத்தைச் சாக்கடையில் கொட்டினார்கள். மறுவாரம் மருத்துவரிடம் கேட்டு வந்த பானுப்பிரியா, வீடு வீடாகப் போய், சமையலுக்குப் போடும் உப்பினால் இது வரவில்லை, அதை விட்டால் பிள்ளைகளுக்குத்தான் கேடு என்று சொன்னாள். பாதிப்பேர் கேட்டார்கள்.

நல்லசிவம் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றே பேசினார்.

“நான் ஒண்ணுதான போடச் சொன்னேன், தங்கம்?”

“ஒண்ணுதான் அண்ணாச்சி சொன்னீக.”

அவர் தலையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். எஞ்சிய டப்பாக்களை எல்லா அறைகளிலிருந்தும் திரும்பப் பெற்றுக்கொண்டார். பேச்சியம்மாள் மட்டும் தன்னுடையது தீர்ந்துவிட்டது என்றாள். அவள் பொன்னுத்தங்கத்தைப் பார்க்க வந்தபோது திட்டிய திட்டு தெருமுனை வரை கேட்டது.

“கரண்டியில ஒரு சிட்டிக கூடிட்டா எங்கள என்ன பேச்சுப் பேசுவ! ஒன் வாயில மட்டும் அள்ளி அள்ளிப் போட்டியாக்கும்? வாய் என்ன புஸ்வாணக் கூம்பவிட மட்டமா?”

தீபாவளி சென்றது. பொன்னுத்தங்கத்தை லேபிள் ஒட்டும் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். கார்த்திகையில் நெஞ்சு தணிந்தது. மார்கழியில் சற்றுச் சதை பிடித்தது. தையில் பானுப்பிரியாவின் திருமணம், கழுத்து வீக்கத்தை மறைக்காத தாயின் முன்னிலையில் நடந்தது. மாப்பிள்ளையின் அத்தை அப்போதும் ஏதோ சொன்னாள். பொன்னுத்தங்கத்தின் காதில் அது விழவில்லை. அவள் தாலியை வாழ்த்தி அரிசி தூவிய தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை ஆடவில்லை.

மாசித் தொடக்கத்தில் நல்லசிவம் அவளைக் கூப்பிட்டார். அவள் இடத்துக்குப் புதிதாக வந்தவளின் கை சரியில்லை. ஏழாம் அறைக்குத் திரும்பி வா என்றார். லேபிள் தாள் ஒன்றை எடுத்து அவளே தன் விரல்களின் மேல் வைத்தாள். தாள் அசையவில்லை.

“பெறகென்ன?” என்றார் அவர்.

“இது எங் கை இல்ல அண்ணாச்சி. மாத்திரையோட கை. அந்தச் சின்ன மாத்திரையக் காலையில போட மறந்த அன்னைக்கு மத்தியானமே ஆடுது. உள்ளார போய் உக்காந்துட்டு மறந்துட்டா?”

நல்லசிவம் வற்புறுத்தவில்லை.

பங்குனி நடுவில் மருத்துவர் சிறு மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார். நிறுத்திய அன்று காலையில் அவள் தாளை வைத்துப் பார்த்தாள்; ஓரம் படபடத்தது. அன்று முழுதும் அவள் சோறு உண்ணவில்லை. ஐந்தாம் நாள் படபடப்புக் குறைந்தது. பத்தாம் நாள் தாள் கிடந்தபடியே கிடந்தது. மருத்துவரும் சரியென்றார். அதன் பிறகும் இன்னொரு பத்து நாள் தானாகக் காத்திருந்தாள்.

சித்திரை தொடங்கிய பின் ஒரு திங்கட்கிழமை, புதியவளை லேபிள் கொட்டகைக்கு மாற்றிவிட, அவள் ஏழாம் அறைக்குத் திரும்பினாள். செம்புத் தகட்டைத் தொட்டு உள்ளே போனவள் உட்காரவில்லை. மூவரின் முன்னே கையை நீட்டி, மேலே தாளை வைத்தாள்.

“போர்மேன் சொன்னாப் போதாது. நீங்க சொல்லுங்க. இருக்கட்டுமா, போகட்டுமா?”

பஞ்சம்மாள் குனிந்து பார்த்தாள். யோகலட்சுமி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். “அசையல அத்தை. இருங்க” என்றாள்.

“என்னடி பெரிய பரீச்ச” என்று பேச்சியம்மாள் கையை நீட்டினாள். “எனக்கும் வையி. அறுவது வயசுக் கை பாஸா பெயிலானு பாப்போம்.”

பொன்னுத்தங்கம் சிரித்துக்கொண்டே தாளை எடுத்து அவள் விரல்களின் மேல் வைத்தாள். தாள் நடுங்கியது.

“காத்துடி” என்றாள் பேச்சியம்மாள்.

நான்கு வாசல்களும் திறந்திருந்தன. வெளியே வேப்பமரத்தில் ஓர் இலையும் ஆடவில்லை. பொன்னுத்தங்கம் தாளைப் பார்க்கவில்லை. பேச்சியம்மாளின் தோளில் தொங்கிய ரவிக்கையையும், வெயில் ஏறாத அந்தக் காலையிலும் வியர்த்திருந்த நெற்றியையும் பார்த்தாள்.

“யக்கா, ஒங்க டப்பா எப்பத் தீந்துச்சு?”

பேச்சியம்மாள் தாளை உதறிவிட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“யக்கா!”

“முட்டுக்கு நல்லா இருந்துச்சுடி” என்றாள் பேச்சியம்மாள். குரல் சின்னதாக வந்தது. “சாத்தூர்ல ஒருத்தன் விக்கான். நான் ஒன்னயமாதிரி ஒம்பது போடல. ரெண்டுதான்... செல நாள் நாலு.”

“எனக்கு நடந்ததப் பாத்துமா?”

“ஒனக்குக் கழுத்துல கட்டி கிடக்கு. எனக்கு ஒண்ணும் இல்லையேடி.”

பொன்னுத்தங்கம் தன் விரலை அவளுடைய தொண்டையருகே மெல்ல வைத்தாள். விருதுநகர் மருத்துவர் தன்னைத் தடவியதுபோல் தடவினாள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று விரலில் பட்டதோ இல்லையோ, அவளுக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. நாடி மட்டும் ஓடுவது தெரிந்தது. அவள் மருந்துத் தட்டை மூடினாள்.

அன்று ஏழாயிரம்பண்ணைப் பேருந்து நிறுத்தத்தில் நானும் நின்றிருந்தேன். இருவரும் வேலைச் சேலையோடு, அதில் படிந்த பழைய வெள்ளித்தூள் மின்ன வந்தார்கள். எங்கே இந்த நேரத்தில் என்று கேட்டேன்.

“விருதுநகருக்கு, சார். யக்காவுக்கு ரத்தம் பாக்கணும்” என்றாள் பொன்னுத்தங்கம்.

பேச்சியம்மாள் தன் வழக்கமான பகடி எதையும் பேசவில்லை. அவளுடைய வலக்கையைப் பொன்னுத்தங்கம் தன் இரு கைகளுக்குள் வைத்து இறுகப் பற்றியிருந்தாள். பேருந்து வந்து, ஏறி, உட்கார்ந்த பின்னரும் அந்தக் கையை அவள் விடவில்லை.